மலை இடுக்கில் ஊர் அமைத்த என்ஜினீயர்
ஸாம் எய்டே வாழ்க்கை வரலாறு

1903-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ந் தேதி. நார்வே நாட்டின் தலைநகரில் ஒரு வீட்டில் விருந்து. வீட்டுக்காரர் குன்னர் க்னூட்சன். பின்னாளில் அந்த நாட்டின் பிரதம மந்திரியாக வந்தவர் அவர்.

விருந்துக்கு வந்தவர்களில் இருவர் அருகருகே அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். ஒருவர் என்ஜினீயர். அவருக்கு வயது 36. மற்றவர் கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு வயது 35.

என்ஜினீயருக்கு ஒரு பொருள் தேவையாக இருந்தது. கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. பூமியில் உண்டாக்கக் கூடிய மிகப் பெரிய மின்னல்தான் அவர் கேட்டது!

பேராசிரியர் சிரிக்கவில்லை. அது தம்மிடம் இருக்கிறது என்று பதில் சொன்னார்.

அந்த ஒரு பேச்சினால் ஒரு பெரிய கம்பெனி பிறந்தது. ஆள் அதிகம் இல்லாத மலை இடுக்கில் ஓர் ஊர் எழுந்தது. அந்த ஊருக்கு ரயில் வந்தது. ரயிலைச் சுமக்க ஏரியில் கப்பலும் மிதந்தது.

அந்த என்ஜினீயரின் பெயர் ஸாம் எய்டே. ஊரின் பெயர் ரியூகான்.

கப்பல்காரர் மகன்

ஸாம் எய்டே 1866-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் அரேண்டால். அது நார்வேயின் தென்கரையில் உள்ள துறைமுகப் பட்டினம். தகப்பனார் கப்பல் சொந்தக்காரர்.

சரக்கு ஏற்றுவது, இறக்குவது, கப்பல் புறப்படுவது, இவற்றை எல்லாம் சின்ன வயதிலேயே எய்டே பார்த்து வளர்ந்தார். ஒரு பொருளைச் செய்தால் மட்டும் போதாது, அதை வாங்குபவன் கையில் கொண்டு சேர்க்கவும் வழி வேண்டும். இது அவர் பிறந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பாடம். பிற்காலத்தில் அந்தப் பாடமே அவருக்குக் கை கொடுத்தது.

ஜெர்மனிக்குப் போய் பெர்லின் நகரில் என்ஜினீயரிங் படித்தார். 1891-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹாம்பர்க் நகரில் வேலை பார்த்தார். ரயில் பாதைகள், ரயில் நிலையங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றுக்குத் திட்டம் போடும் வேலை.

சில ஆண்டுகளில் சொந்தமாகவே தொழில் தொடங்கினார். நார்வே தலைநகரில் அவருடைய அலுவலகம் விரைவில் பெயர் பெற்றது. ஸ்வீடன் நாட்டுப் பிரபு வம்சத்துப் பெண்ணை 1895-ல் மணந்தார். அதனால் ஸ்வீடனின் பெரிய மனிதர்கள் பலருடைய பழக்கமும் கிடைத்தது.

எய்டே சிறியதாக எதையும் நினைக்கத் தெரியாதவர். உடையிலும் ஆடம்பரம், விருந்திலும் ஆடம்பரம், திட்டத்திலும் ஆடம்பரம். ஆனால் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் அல்லர். சொன்னதைச் செய்து முடிக்கும் பிடிவாதம் அவரிடம் இருந்தது.

அருவிகளை வாங்கினார்

நார்வேயில் அந்தக் காலத்தில் பெரிய தொழில்கள் அதிகம் இல்லை. நிலக்கரியும் போதாது. விளைநிலமும் குறைவு. எங்கே பார்த்தாலும் மலை. மலையிலிருந்து கொட்டும் அருவிகள்.

அருவியை எல்லோரும் அழகு என்று பார்த்தார்கள். எய்டே அதை மின்சாரம் என்று பார்த்தார். கையில் கிடைத்த பணத்தை எல்லாம் போட்டு, கூட்டாளிகளையும் சேர்த்துக் கொண்டு, அருவிகளின் உரிமையை வாங்கினார்.

அவற்றில் ஒன்று, டெலிமார்க் பகுதியில் உள்ள ரியூகான் அருவி. ரியூகான் என்றால் புகைகின்ற அருவி என்று பொருள். சுமார் 340 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும். விழுகிற வேகத்தில் நீர்த் துளிகள் புகைபோல் எழும்பும். தொலை தூரத்திலிருந்து மக்கள் அதைப் பார்க்க வருவார்கள்.

அருவியை வாங்கியாகி விட்டது. அதிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை என்ன செய்வது? அந்த மலை இடுக்கில் விளக்கு ஏற்றக் கூட வீடுகள் அதிகம் இல்லையே!

எய்டே அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

காற்றிலிருந்து உரம்

பயிருக்கு உரம் வேண்டும். உரத்தில் முக்கியமானது நைட்ரஜன் என்னும் சத்து. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டு வெடியுப்பையே நம்பி இருந்தது. பாலைவனத்தில் வெட்டி எடுக்கப்பட்ட அந்த உப்பு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது.

அந்த உப்பு ஒரு நாள் தீர்ந்து போகும், பிறகு கோதுமை விளைச்சல் குறைந்து மக்கள் பட்டினி கிடப்பார்கள் என்று 1898-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

ஆனால் நைட்ரஜன் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். கோடி கோடி டன் இருந்து என்ன பயன்? காற்றில் உள்ள நைட்ரஜனைப் பெரும்பாலான பயிர்கள் நேராக எடுத்துக் கொள்ள முடியாது. அதைப் பிடித்து உப்பாக மாற்றித் தர வேண்டும்.

வானத்தில் மின்னல் வெட்டும்போது இந்த வேலை தானாகவே நடக்கிறது. மின்னலின் சூட்டில் நைட்ரஜனும் பிராணவாயுவும் கலந்து, மழையோடு மண்ணில் இறங்குகின்றன. அப்படியானால் தொழிற்சாலைக்குள்ளே மின்னலை உண்டாக்கினால் என்ன?

இதுதான் எய்டேயின் எண்ணம். அதற்காகத்தான் அவர் மின்னல் தேடினார்.

வெடிக்காத பீரங்கி

விருந்தில் அவர் சந்தித்த பேராசிரியர் கிறிஸ்டியன் பிர்க்லண்ட். வட துருவத்தில் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியை ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சிக்கு நிறையப் பணம் வேண்டும். பணத்துக்காக அவர் மின்சாரத்தால் குண்டு சுடும் பீரங்கி ஒன்றைச் செய்திருந்தார்.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 6-ந் தேதி, பல்கலைக்கழக மண்டபத்தில் பீரங்கியைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். குண்டு போகவில்லை. மின்சாரம் தடம் மாறி, காது செவிடாகும் ஓசையோடு ஒரு பெரிய தீ ஒளி கிளம்பியது. வந்தவர்கள் அலறிப் போனார்கள். பீரங்கி விற்பனையும் அதோடு முடிந்தது.

ஆனால் அந்த ஒளி எப்படி உண்டாயிற்று என்பது பிர்க்லண்டுக்குப் புரிந்தது. காந்த சக்தியின் நடுவே மின்பொறி அகன்று, தட்டுப்போல் விரிகிறது. அதன் வழியே காற்றைச் செலுத்தினால்?

தோல்வியுற்ற பீரங்கியே எய்டே கேட்ட மின்னலாயிற்று. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். விருந்து முடிந்து ஒரு வாரத்திலேயே, பிப்ரவரி 20-ந் தேதி, உரிமைப் பதிவுக்கு மனுக் கொடுத்து விட்டார்கள்.

உலையில் சூடு 3,000 டிகிரிக்கு மேல் ஏறும். காற்று அதன் ஊடே பாயும். வெளிவரும் வாயுவை உடனே குளிர வைத்து, கருங்கல் கோபுரங்களில் தண்ணீரோடு சேர்ப்பார்கள். திராவகம் கிடைக்கும். திராவகத்தைச் சுண்ணாம்புக் கல்லோடு கலந்தால் வெள்ளை உப்பு கிடைக்கும். அதுவே உரம். அதற்கு நார்வே வெடியுப்பு என்று பெயர் வந்தது.

கச்சாப் பொருள்கள் காற்று, தண்ணீர், சுண்ணாம்புக் கல். எல்லாம் மலிவு. ஆனால் மின்சாரம் மட்டும் மலை மலையாகச் செலவாகும். அதற்குத்தான் அருவி இருக்கிறதே!

கம்பெனி பிறந்தது

1905-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, நோட்டோடன் என்னும் ஏரிக்கரை ஊரில் தொழிற்சாலை வேலை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி பிறந்தது. எய்டே அதன் தலைமை நிர்வாகி ஆனார்.

பணம் எங்கிருந்து வந்தது? ஸ்வீடனின் வாலன்பர்க் குடும்பத்தாரும், பாரிஸ் நகரப் பாங்கியும் முதல் போட்டார்கள்.

அந்த ஆண்டில்தான் நார்வே, ஸ்வீடனோடு இருந்த இணைப்பை அறுத்துக் கொண்டு தனி நாடாக நின்றது. இரு நாடுகளுக்கும் சண்டை மூளுமோ என்று எல்லோரும் அஞ்சிய நேரம். அந்த நேரத்தில் ஸ்வீடன் பணத்தை நார்வே தொழிலுக்குக் கொண்டு வந்தவர் எய்டே. அவருடைய சாமர்த்தியத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மலைக்குள் ஒரு பாதை

நோட்டோடன் தொழிற்சாலை ஒரு தொடக்கந்தான். எய்டேயின் கண் ரியூகான் அருவி மேலேயே இருந்தது.

இங்கேதான் பெரிய சிக்கல். அந்தக் காலத்தில் அவ்வளவு மின்சாரத்தைக் கம்பி வழியே நெடுந்தூரம் கொண்டு போவது கடினம். வழியிலேயே நிறைய வீணாகும். ஆகவே, அருவி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தொழிற்சாலையும் இருக்க வேண்டும்.

அருவி இருந்த இடமோ செங்குத்தான இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. கடல் வெகு தொலைவில். நடுவே நீண்டு கிடக்கிறது டின் ஏரி. அதன் ஆழம் சுமார் 1,500 அடி. ஏரியின் இரு பக்கமும் மலைகள் நெருங்கி நிற்கின்றன.

பெரிய யந்திரங்களை உள்ளே கொண்டு போக வேண்டும். உரப் பீப்பாய்களை வெளியே கொண்டு வர வேண்டும். குதிரை வண்டியால் ஆகிற காரியமா அது?

எய்டே முன்பே ரயில் என்ஜினீயர் அல்லவா? வழி கண்டார்.

பள்ளத்தாக்கின் உள்ளிருந்து ஏரிக்கரை வரை 10 மைல் ரயில் பாதை. ஏரியின் மறு கரையிலிருந்து நோட்டோடன் வரை சுமார் 19 மைல் ரயில் பாதை. நடுவே ஏரியில் சுமார் 19 மைல் தூரம், ரயில் பெட்டிகள் கப்பலில் ஏறிப் போகும்!

கப்பலின் தளத்திலேயே தண்டவாளம் பதித்திருந்தார்கள். பெட்டிகளை அப்படியே தள்ளிக் கப்பலில் ஏற்றுவார்கள். மறு கரையில் அப்படியே இழுத்துத் தண்டவாளத்தில் விடுவார்கள். சரக்கை இறக்கி ஏற்றும் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்தால், பனிக்கட்டியை உடைத்துக் கொண்டு கப்பல் போக வேண்டும்.

நோட்டோடனில் பீப்பாய்கள் படகுகளில் ஏறும். ஏரியும் கால்வாயும் கடந்து, ஷேன் பட்டினத்தின் அருகே மென்ஸ்டாட் துறையை அடையும். அங்கிருந்து கடல் வழியாக உலகத்துக்குப் போகும். 1917-ல் நோட்டோடனிலிருந்து ஷேன் வரை ரயில் வந்தது. பிறகு படகுகளை நம்பி இருக்க வேண்டிய தேவை குறைந்தது.

1907-ல் தொடங்கிய பாதை வேலை 1909-ல் முடிந்தது. ஆகஸ்டு 9-ந் தேதி மன்னர் ஏழாம் ஹாக்கான் வந்து திறந்து வைத்தார். 1911-ல் அந்த ரயில் மின்சாரத்தால் ஓடத் தொடங்கியது. அருவியே ரயிலையும் இழுத்தது!

உலகிலேயே பெரியது

பாறையைக் குடைந்தார்கள். மேலே உள்ள மோஸ் ஏரிக்கு அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். கோடையிலும் குளிரிலும் தண்ணீர் ஒரே சீராக வர வேண்டும் அல்லவா? மலைச் சரிவில் பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் இறக்கினார்கள்.

ஊர் ஊராகப் போய்ப் பாதை வெட்டும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வெடி வைத்துப் பாறை உடைக்கும் ஆபத்தான வேலை. கடும் குளிர். தங்குவதற்கு நெருக்கடியான கொட்டகைகள். எய்டேயின் பெரிய கனவைத் தோளில் சுமந்தவர்கள் அவர்களே.

1911-ல் வேமோர்க் மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. 10 யந்திரங்கள். ஒரு லட்சம் கிலோவாட்டுக்கு மேல் சக்தி. அந்த நாளில் உலகிலேயே பெரிய நீர் மின்சார நிலையம் அதுதான்.

சில பண்ணை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. கம்பெனியே வீடுகள் கட்டியது. மின்சார விளக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. தொழிலாளர் வீடுகளுக்குத் தோட்டமும் உண்டு. நல்ல வீடு இருந்தால்தான் நல்ல தொழிலாளி நிலைத்து நிற்பான் என்பது எய்டேயின் கணக்கு. அது தருமமும் அல்ல, தந்திரம் மட்டுமும் அல்ல. இரண்டும் கலந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அவரால் தர முடியவில்லை. அது வெயில்!

வெயில் இல்லாத ஊர்

ரியூகான் பள்ளத்தாக்கு மிகவும் ஆழம். தெற்கே உயர்ந்த மலை. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மாதம் வரை சூரியன் அந்த மலைக்கு மேலே வராது. சுமார் ஆறு மாதம் ஊர் நிழலிலேயே கிடக்கும். எதிரே உள்ள மலை உச்சியில் வெயில் அடிப்பதைத் தெருவில் நின்று பார்க்கலாம். ஆனால் வெயில் மேலே படாது.

1913-ல் அந்த ஊர்க் கணக்கர் ஒருவர் பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். மலை மேலே கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி ஊருக்குள் விடலாமே என்பதே அந்த யோசனை. எய்டே அதை ஆசையோடு பிடித்துக் கொண்டார். ஆனால் செய்ய வழி பிறக்கவில்லை.

அவர் கம்பெனியை விட்டுப் போன பிறகு, 1928-ல், கம்பெனி வேறு வழி செய்தது. கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு வண்டி ஒன்று அமைத்தது. ஊர் மக்கள் அதில் ஏறி மலைக்கு மேலே போய் வெயில் காயலாம். வெயில் கீழே வராவிட்டால் மக்கள் மேலே போகட்டும் என்ற ஏற்பாடு!

கசந்த நட்பு

புகழ் வந்தது. அதோடு கசப்பும் வந்தது.

உலைக்குப் பிர்க்லண்ட்-எய்டே முறை என்று இருவர் பெயரும் வைத்திருந்தார்கள். ஆனால் கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு எவ்வளவு என்பதில் மனத்தாங்கல் வளர்ந்தது. எய்டே அருவியும் பணமும் ஆளும் கொண்டு வந்தவர். மின்னலைக் கொண்டு வந்தவர் பிர்க்லண்ட். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு விலகினார்கள்.

பிர்க்லண்ட் தம் ஆராய்ச்சிக்கே திரும்பிப் போனார். உடல் நலம் கெட்டது. 1917-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில், தம் ஊரை விட்டு வெகு தொலைவில் இறந்தார்.

அதே 1917-ல் எய்டேயும் தலைமை நிர்வாகி பதவியை விட்டு விலகினார்.

முதல் உலகப் போரின்போது கம்பெனி கொழித்தது. பயிருக்கு உரமான பொருளே வெடிமருந்துக்கும் கச்சாப் பொருள். பட்டினியைப் போக்கப் பிறந்த தொழிற்சாலை, போர்க்களத்துக்கும் சரக்கு அனுப்பியது.

போருக்குப் பின் எய்டே 1920 முதல் சில ஆண்டுகள் போலந்து நாட்டில் நார்வேயின் தூதராக இருந்தார். ஆனால் பழைய அதிகாரம் திரும்பவில்லை.

மின்னல் அணைந்தது

அதற்குள் ஜெர்மனியில் புதிய முறை ஒன்று வளர்ந்து விட்டது. ஹேபர், போஷ் என்னும் இரு விஞ்ஞானிகளின் முறை. அதற்கு மின்னல் தேவையில்லை. மின்சாரச் செலவும் மிகவும் குறைவு. நார்வே முறையால் அதோடு போட்டி போட முடியவில்லை.

1920-களின் கடைசியில் நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியே அந்தப் புதிய முறைக்கு மாறியது. எய்டே பெயர் தாங்கிய உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எய்டே உயிரோடு இருக்கும்போதே அது நடந்தது.

இன்னொரு மாற்றமும் வந்தது. மின்சாரத்தைக் கம்பி வழியே நெடுந்தூரம் கொண்டு போவது எளிதாகி விட்டது. ஆகவே கம்பெனி தன் புதிய தொழிற்சாலையைக் கடலோரத்தில் ஹெரோயா என்னும் இடத்தில் கட்டியது. ரியூகானில் அம்மோனியா தயாரித்து, ரயிலிலும் கப்பலிலும் அங்கே அனுப்பினார்கள்.

எய்டே தம் வாழ்க்கையை நூலாக எழுதி 1939-ல் வெளியிட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி எய்டே கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 73.

ஏரியில் மூழ்கிய கப்பல்

அவர் அமைத்த பாதைக்கு அவர் இறந்த பிறகு ஒரு பெரிய சோதனை வந்தது.

வேமோர்க் தொழிற்சாலையில் கனநீர் என்னும் அபூர்வப் பொருள் கிடைத்தது. அணு ஆராய்ச்சிக்கு ஜெர்மானியர் அதை விரும்பினார்கள். 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் சிலர் பனிமலை வழியே வந்து, கனநீர் யந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

மீதி இருந்த கனநீரை ஜெர்மானியர் ரயிலில் ஏற்றி நாட்டுக்குக் கொண்டு போகப் பார்த்தார்கள். ரயில் ஏரிக்கு வந்துதானே ஆக வேண்டும்? வேறு வழி இல்லையே! 1944 பிப்ரவரி 20-ந் தேதி, ஹைட்ரோ என்னும் அந்த ரயில் கப்பலை நார்வே வீரர்கள் நடு ஏரியில் வெடி வைத்து மூழ்கடித்தார்கள். 18 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் நார்வே மக்கள். நாட்டுக்காகச் செய்த காரியத்தில் நாட்டு மக்களே பலியானது, அதைச் செய்தவர்களுக்கு ஆறாத வேதனை.

வெயில் வந்தது

போருக்குப் பின்னும் ரயில் பல ஆண்டு ஓடியது. தொழில் குறைந்ததும் 1991-ல் நின்றது. 2015-ல் ரியூகானும் நோட்டோடனும், அந்த ரயில் பாதையும், ஏரிக் கப்பல்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. வேமோர்க் பழைய மின்சார நிலையம் காட்சிசாலையாகி விட்டது.

உலை அணைந்தது. ரயில் நின்றது. ஆனால் ஊர் அழியவில்லை.

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ரியூகானின் வடக்கு மலையில் பெரிய கண்ணாடிகள் மூன்று வேலை செய்யத் தொடங்கின. சூரியன் போகும் பக்கம் அவை தாமே திரும்பும். வெயிலை வாங்கி ஊர்ச் சதுக்கத்தில் இறக்கும். நூறு ஆண்டு முன்பு ஒரு கணக்கர் எழுதி, எய்டே ஆசைப்பட்ட காரியம் அது.

அந்தச் சதுக்கத்தில் எய்டேயின் சிலை நிற்கிறது. குளிர்காலத்தில் குழந்தைகளோடு மக்கள் அங்கே வந்து வெயில் காய்கிறார்கள்.

மலை இடுக்குக்கு ரயிலைக் கொண்டு வந்த எய்டேயால், அவர் காலத்தில் வெயிலைக் கொண்டு வர முடியவில்லை. அவர் அமைத்த ஊரின் மக்கள் அதைக் கொண்டு வந்தார்கள்.